நடக்காம போனத இங்கிலீஷ்ல சொல்றது எப்படி

நம்ம மலேசியாவுல எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசாங்கப் பரீட்சை) எழுதப்போற பிள்ளைங்க, முவெட் (பல்கலைக்கழகம் போக எடுக்கிற இங்கிலீஷ் பரீட்சை) எடுக்கிறவங்க, ஈப்போ பினாங்குன்னு இன்டர்வியூவுக்கு அலையிறவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். நம்ம சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல வளர்ந்த பிள்ளைங்க இங்கிலீஷ்ல வந்து தடுமாறுற ஒரு இடம் இருக்கு, "நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்"ங்கிற மாதிரி பேச்சு, அதாவது நீயும் சொல்லல, நானும் வரல, ஆனா நடந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு பேசுறது. ஸ்கூல் புத்தகத்துல இதுக்கு தேர்ட் கண்டிஷனல்னு பேர் போட்டு ஒரு ஃபார்முலா குடுத்திருப்பாங்க, பிள்ளைங்க அத மனப்பாடம் பண்ணி பரீட்சையில எழுதிட்டு மறந்துடுவாங்க. மனப்பாடமே வேணாம்னு நான் சொல்றேன், ஏன்னா இந்த அமைப்பு அப்படியே நம்ம தமிழ்ல இருக்கு, வீட்டுல தினமும் அதுலதான் சண்டை போடுறோம், அதுலதான் வருத்தப்படுறோம்.

அப்ப ஏன் தப்பு வருது? பிள்ளைங்க தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்கு நேரா போகாம மலாய் வழியா சுத்திக்கிட்டு போறாங்க, அதான் காரணம். இடைநிலைப்பள்ளியில நாள் முழுக்க மலாய்லயே பாடம், கூட்டாளிங்க பேச்சும் மலாய், அதனால "இஃப்"புக்கு மலாய்ல வர்ற "கலாவ்"ங்கிற ஒரு வார்த்தையப் போட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு பழகிப்போச்சு. மலாய்ல அது சரிதான், "கலாவ் அவாக் சாக்காப் செமாலம், சாயா டா டாத்தாங்"னா யாருக்கும் குழப்பம் வராது, அங்க வினைச்சொல் காலத்துக்கு ஏத்த மாதிரி மாறாது, நேத்துங்கிற வார்த்தையே காலத்த சொல்லிடும். அதையே இங்கிலீஷ்ல ஏத்தி "இஃப் யூ டெல் மீ யெஸ்டர்டே, ஐ கம் ஆல்ரெடி"னு சொன்னா மாமாக் கடையில புரியும், பரீட்சை திருத்துறவர்கிட்டயும் வெளிநாட்டு மேனேஜர்கிட்டயும் செல்லாது. இங்கிலீஷ் இந்த விஷயத்துல மலாய் பக்கம் இல்ல, நம்ம பக்கம் இருக்கு. தமிழும் வினைய மாத்தித்தான் நடக்காததக் காட்டுது, இங்கிலீஷும் அப்படித்தான்.

இப்ப அந்த வாக்கியத்தையே எடுத்துக்குவோம். "நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்." இதுல ரெண்டு தடவ "இரு" வருது பாருங்க, சொல்லி-இருந்தா, வந்து-இருப்பேன். முதல் "இருந்தா" வர்ற இடத்துல இங்கிலீஷ்ல "இஃப்" கூட "ஹேட்", ரெண்டாவது "இருப்பேன்" வர்ற இடத்துல "வுட் ஹேவ்". "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்." அவ்வளவுதான், வேற ஒன்னும் இல்ல. இன்னும் சொல்லப்போனா தமிழவிட இங்கிலீஷ் இதுல சுலபம், நம்மகிட்ட வந்திருப்பேன், வந்திருப்பான், வந்திருப்பாங்க, வந்திருக்கும்னு ஆளுக்கு ஆள் வால் மாறும், அங்க நான் நீ அவன் அது எல்லாருக்கும் ஒரே "ஹேட்", ஒரே "வுட் ஹேவ்". "ஹீ வுட் ஹேஸ்"னு சில பிள்ளைங்க எழுதுவாங்க, அப்படி ஒன்னு கிடையவே கிடையாது, "வுட்"டுக்குப் பின்னால எப்பவும் "ஹேவ்"தான்.

"ஹேட்"டுக்கும் "ஹேவ்"வுக்கும் பின்னால வர்றது வினையோட மூனாவது ரூபம். கோ, வென்ட், கான்னு சொல்வோமே அதுல கடைசி. "இஃப் ஐ ஹேட் வென்ட்" தப்பு, "இஃப் ஐ ஹேட் கான்"தான் சரி. இத மட்டும் உக்காந்து படிச்சாகணும், வேற வழி இல்ல. ஆனா முழு லிஸ்ட்டையும் படிக்கத் தேவையில்ல, பேச்சுல அடிக்கடி வர்றத முதல்ல பிடிங்க: கான், கம், சீன், டன், நோன், டோல்ட், கிவன், டேக்கன், ஈட்டன், ரிட்டன், ப்ரோக்கன், லெஃப்ட், பாட், காட். இதோட "பி"க்கு "பீன்". இது கைவசம் இருந்தா எஸ்.பி.எம்.ல கதை எழுதுற அளவுக்குப் போதும். 2021 பேட்ச்ல இருந்து எஸ்.பி.எம். இங்கிலீஷ்ல ரைட்டிங் பேப்பரோட மூனாவது பகுதியில கதை எழுத ஒரு வாய்ப்பு வருது, கதையில ஒருத்தன் "நான் மட்டும் அன்னிக்கு அந்த போனை எடுத்திருந்தா"ன்னு நினைக்கிற ஒரு வரி சரியா விழுந்தா அந்தப் பேராவே நிமிர்ந்து நிக்கும்.

இன்னொரு பெரிய தப்பு, "இஃப்" பக்கத்துல "வுட்" போடுறது. "இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்"னு அமெரிக்காக்காரங்க பேச்சுல சொல்றத படத்துல, யூடியூப்ல கேட்டிருப்பீங்க, அவங்க ஊர் பேச்சு அது, ஆனா பரீட்சையில தப்புன்னுதான் போடுவாங்க. இதுக்கும் தமிழையே கேட்டுப் பாருங்க, "நான் தெரிஞ்சிருப்பேன்னா வந்திருப்பேன்"னு நம்ம யாராவது சொல்வோமா? காதே ஏத்துக்காது. "தெரிஞ்சிருந்தா"ன்னுதான் வரும், அதனால "இஃப் ஐ ஹேட் நோன்". எழுதும்போது "இஃப்" பாதி முன்னால வந்தா நடுவுல கமா வைங்க, பின்னால போனா கமா வேணாம். இதுக்கு மேல இதுல யோசிக்க ஒன்னும் இல்ல.

அடுத்ததுதான் முக்கியமான இடம், இங்கதான் தமிழே நம்மள கொஞ்சம் ஏமாத்தும், நிதானமா படிங்க. "இல்ல"ன்னு வர்றப்ப நம்ம எப்பவும் "சொல்லாம இருந்திருந்தா"ன்னு நீட்டி சொல்ல மாட்டோம், "சொல்லலைன்னா"ன்னு சுருக்கிடுவோம். "நீ சொல்லலைன்னா நான் வந்திருக்க மாட்டேன்." இதுல முதல் பாதியில "இரு" காணாமப் போச்சு, அதனால பிள்ளைங்க "இஃப் யூ டிடின்ட் டெல் மீ"ன்னு எழுதிடுறாங்க. ரெண்டாவது பாதியப் பாருங்க, அங்க "வந்திருக்க மாட்டேன்"னு "இரு" இருக்கு, அப்ப மொத்த வாக்கியமும் நடந்து முடிஞ்ச கதை, முதல் பாதிக்கும் "ஹேட்" குடுத்துதான் ஆகணும்: "இஃப் யூ ஹேடின்ட் டோல்ட் மீ, ஐ வுடின்ட் ஹேவ் கம்."

தோட்டத்துல கேக்கிற ஒரு வாக்கியத்த வச்சு இத சோதிச்சுப் பாக்கலாம். "அன்னிக்கு காலையில மழை பெய்யலைன்னா மரம் வெட்டியிருப்பாங்க." மரம் வெட்டுறதுன்னா ரப்பர் மரத்துப் பட்டையில கோடு போட்டு பால் எடுக்கிறது, அந்தப் பட்டை நனைஞ்சிருந்தா வெட்டுன கோட்டு வழியா பால் மங்குக்குள்ள இறங்காது, பட்டை மேலயே பரவி வழிஞ்சிடும், அதனால மழை நாள்ல வெட்டு இல்ல, அந்த நாள் சம்பளமும் போச்சு. இங்கிலீஷ்ல "இஃப் இட் ஹேடின்ட் ரெயின்ட் தட் மார்னிங், தே வுட் ஹேவ் டேப்ட் த ட்ரீஸ்." இப்ப கேள்வி கேளுங்க, மழை பெஞ்சுச்சா? பெஞ்சுச்சு. மரம் வெட்டுனாங்களா? இல்ல. அதாவது "ஹேடின்ட்"னு இருந்தா நடந்தது, "ஹேட்"னு இருந்தா நடக்காதது, எல்லாம் தலைகீழ். எழுதி முடிச்ச ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்த ரெண்டு கேள்விய கேட்டுட்டு நிஜமா நடந்ததோட ஒத்துப் பாருங்க, ஒத்து வரலைன்னா எங்கயோ "நாட்" விட்டுப்போச்சு, இல்ல கூடிப்போச்சு.

இது ஏதோ மார்க்குக்காக மட்டும் சொல்றதுன்னு நினைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, ஒரு ஃபேக்டரியில வேலை, ஷிஃப்ட்ட மாத்தினத யாரும் அதுக்கு சொல்லல, பஸ் ஏறி அவ்வளவு தூரம் போய் கேட்டுல நின்னுட்டு திரும்பி வந்துச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனேன்னு சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்ல போட நினைச்சு, "இஃப் யூ இன்ஃபார்ம் மீ எர்லியர் ஐ வில் நாட் கம்"னு போட்டுடுச்சு. அந்த ஆள் அத எப்படி படிச்சாரு தெரியுமா, இனிமே நீங்க முன்னாடியே சொன்னாலும் நான் வேலைக்கு வரமாட்டேன்னு ஏதோ மிரட்டுற மாதிரி. அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லாத விஷயத்துக்கு அதுவே போய் விளக்கம் சொல்லி நிக்க வேண்டியதாப் போச்சு. "இஃப் யூ ஹேட் இன்ஃபார்ம்ட் மீ எர்லியர், ஐ வுடின்ட் ஹேவ் கம்"னு போட்டிருந்தா ஒரு பிரச்சனையும் வந்திருக்காது. "ஹேட்"டும் "வுடின்ட் ஹேவ்"வும் இல்லாம நடந்து முடிஞ்ச கதை நடக்கப்போற கதையா மாறிடுச்சு, அதனாலதான் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

எல்லா "இருந்தா"வும் "ஹேட்" ஆகாது, அதையும் தெரிஞ்சுக்கணும். "பஸ் வந்திருந்தா ஓடிப்போய் ஏறிக்கோ"ன்னு அம்மா சொன்னா, பஸ் வந்திருக்கலாம் வராமலும் இருக்கலாம், இன்னும் தெரியல, இங்க "இஃப் த பஸ் ஹேஸ் கம்"தான் வரும். அடையாளம் ரெண்டாவது பாதியிலதான் இருக்கு, அங்க "இருப்பேன், இருக்கும், இருக்க மாட்டேன்"னு முடிஞ்சா பழைய கதை, "ஏறிக்கோ, பாரு, சொல்லு"ன்னு முடிஞ்சா அது வேற. ஒரு வாக்கியத்த மொழிபெயர்க்கிறதுக்கு முன்னாடி கடைசி வார்த்தையப் பாக்குறது தமிழ்க்காரங்களுக்கு நல்ல பழக்கம், நம்ம மொழியில முடிவு எல்லாம் வால்லதான் இருக்கு.

அதே மாதிரி "இருப்பான்"னு வந்த உடனே "வுட் ஹேவ்"னு கை வைக்காதீங்க. "அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்"னா இங்க எந்த "இஃப்"பும் இல்ல, இது யூகம், கிட்டத்தட்ட நிச்சயமா சொல்றோம். இதுக்கு "ஹீ மஸ்ட் ஹேவ் கான் ஹோம் பை நவ்." இங்கிலீஷ்காரங்க இதுக்கும் சில நேரம் "வுட் ஹேவ்" போடுவாங்கதான், ஆனா நமக்கு "மஸ்ட் ஹேவ்" போட்டா யாரும் குறை சொல்ல முடியாது, ரெண்டும் கலக்காமலும் இருக்கும்.

"இருக்கலாம்"ங்கிறது இன்னும் வழுக்கும், ஒரே சொல்லுக்கு நம்மகிட்ட ரெண்டு மனசு. "நீ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்"னு அக்கா கோவமா சொன்னா, பண்ண முடிஞ்சுது ஆனா பண்ணல, "யூ குட் ஹேவ் கால்ட் மீ." "அவன் ஈப்போவுக்குப் போயிருக்கலாம்"னா போனானா இல்லையான்னே தெரியாது, "ஹீ மைட் ஹேவ் கான் டு ஈப்போ." தமிழ்ல குரல வச்சு புரிஞ்சிடும், இங்கிலீஷ்ல வார்த்தையவே மாத்தணும். "குட் ஹேவ்"வ யூகத்துக்கும் போடலாம், தப்பில்ல, ஆனா குறை சொல்ற இடத்துல "குட்", யூகிக்கிற இடத்துல "மைட்"னு பிரிச்சு வச்சுக்கிட்டா ஆரம்பத்துல குழப்பம் இருக்காது. "இருக்கணும்"னு வந்தா "ஷுட் ஹேவ்", "நேத்தே கட்டியிருக்கணும்", "ஐ ஷுட் ஹேவ் பெய்ட் யெஸ்டர்டே." "போயிருக்கக் கூடாது"ன்னா "ஷுடின்ட் ஹேவ் கான்." "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா"ன்னு ஏக்கமா கேக்கிறோமே, அதுக்கு "ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் மீ"ன்னு சொன்னா அந்த ஏக்கம் அப்படியே போய் சேரும்.

ஆபீஸ்ல ஈமெயில் எழுதுறவங்க "யூ ஷுட் ஹேவ்"வ பாத்து போடுங்க. "யூ ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் அஸ்"னா விரல நீட்டி திட்டுற மாதிரி விழும். அதே விஷயத்த "இட் வுட் ஹேவ் ஹெல்ப்ட் இஃப் வி ஹேட் நோன் எர்லியர்"னு எழுதினா யார் தப்புன்னும் தெரியும், மரியாதையும் கெடாது. கஸ்டமருக்கோ மேலதிகாரிக்கோ எழுதுறப்ப இந்த வரி நிறைய தடவ கை குடுக்கும்.

அப்ப நடக்காதது, ஆனா அதோட விளைவு இப்ப, அப்படியும் பேசுவோம். "அப்பவே கோர்ஸ முடிச்சிருந்தா இப்ப நான் நர்ஸா இருப்பேன்." இதுல கடைசி "இருப்பேன்"க்கு முன்னால வேற வினை ஒட்டல, "வந்திருப்பேன்"ல வர்ற மாதிரி இல்ல, தனியா நிக்குது, இப்ப இருக்கிறத சொல்லுது. அதனால "வுட் ஹேவ்" வேணாம், "வுட் பி" போதும்: "இஃப் ஐ ஹேட் ஃபினிஷ்ட் த கோர்ஸ், ஐ வுட் பி எ நர்ஸ் நவ்." "இருந்திருப்பேன்"னு வந்தாதான் "வுட் ஹேவ் பீன்." வாக்கியத்துல "இப்ப"ங்கிற வார்த்தை நிக்குதா, இல்ல போட்டா பொருந்துதான்னு பாத்தா போதும்.

பயிற்சிக்கு புத்தகத்துல வர்ற ஜானும் மேரியும் எனக்குப் பிடிக்கல, நம்ம ஊர் கதையே இதுக்கு எவ்வளவோ இருக்கு. 1876-ல ஹென்றி விக்கம்னு ஒருத்தர் பிரேசில்ல இருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைய லண்டன் கியூ தோட்டத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனாரு, முளைச்சது கொஞ்சம்தான், அடுத்த வருஷம் 22 கன்னு சிங்கப்பூர் வந்துச்சு, அதுல 9 நம்ம பக்கத்து ஊர் கோலகங்சாருக்கு வந்துச்சு, அதுல ஒரு மரம் இன்னும் அங்க நிக்குது, பாக்காதவங்க ஒரு தடவ போய் பாருங்க. இப்ப எழுதலாம்: "இஃப் விக்கம் ஹேடின்ட் டேக்கன் தோஸ் சீட்ஸ், அவர் கிரேட்-கிராண்ட்பேரன்ட்ஸ் மைட் நாட் ஹேவ் கம் டு மலாயா." இங்க ஏன் "வுடின்ட்" போடாம "மைட் நாட்" போட்டேன்னு யோசிங்க. ரப்பருக்கு முன்னாடியே கரும்புத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் நம்ம ஆளுங்க கப்பல் ஏறி வந்திருக்காங்க, அதனால வந்திருக்கவே மாட்டாங்கன்னு அடிச்சு சொல்ல முடியாது. "வுட்"னா அடிச்சு சொல்றோம், "மைட்"னா ஒரு வாய்ப்பா சொல்றோம். வரலாறு பேசுறப்ப இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், முவெட் ஸ்பீக்கிங்ல குரூப் டிஸ்கஷன் வர்றப்ப "வுட்"டையும் "மைட்"டையும் அளந்து போடுற பிள்ளை யோசிச்சுப் பேசுதுன்னு கேக்கிறவங்களுக்கே தெரியும்.

இன்னொன்னு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்கள்ல மூனு வெள்ளக்கார தொரைங்க சுட்டுக் கொல்லப்பட்டாங்க, அத ஒட்டித்தான் அவசரகாலம் அறிவிச்சாங்க. அந்தக் கொலை நடக்காம இருந்திருந்தாலும் அவசரகாலம் வந்திருக்கலாம்னு ஒருத்தர் வாதம் பண்ணலாம். "இருந்தாலும்"னு "லும்" வந்தா "ஈவன் இஃப்": "ஈவன் இஃப் த பிளாண்டர்ஸ் ஹேடின்ட் பீன் கில்ட், த எமர்ஜென்சி மைட் ஹேவ் கம்." கொன்னாங்கன்னு இல்லாம கொல்லப்பட்டாங்கன்னு சொல்றதால நடுவுல "பீன்" நுழையுது, அத கவனிங்க. அப்புறம் தோட்டங்கள துண்டு துண்டா போட்டு வித்தப்ப, நம்ம ஊர்க்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, தோட்டத் தொழிலாளிங்ககிட்டயே கொஞ்சம் கொஞ்சமா பங்குப் பணம் சேர்த்து தோட்டம் வாங்க வச்சாரு. "இஃப் த வொர்க்கர்ஸ் ஹேடின்ட் சேவ்ட் டுகெதர், தே குடின்ட் ஹேவ் பாட் தி எஸ்டேட்ஸ்." வாங்கியிருக்க முடியாது, அதனால "குடின்ட் ஹேவ்." இந்த மூனு வாக்கியத்தையும் வாய்விட்டு சொல்லிப் பழகினீங்கன்னா ஃபார்முலா எதுவும் வேண்டியதில்ல.

வாய்விட்டு சொல்றப்ப இன்னொரு விஷயம், இங்கிலீஷ்காரங்க இதையெல்லாம் முழுசா உச்சரிக்க மாட்டாங்க. "வுட் ஹேவ்" வேகத்துல "வுடவ்"னு கேக்கும், அத கேட்டுட்டு "வுட் ஆஃப்"னு எழுதுற பழக்கம் இங்கிலீஷ்காரங்ககிட்டயே இருக்கு, அது எழுத்துல பெரிய தப்பு, நீங்க எழுதிடாதீங்க. "ஐட்"னு சுருக்கி சொன்னா அது "ஐ ஹேட்"டாவும் இருக்கலாம், "ஐ வுட்"டாவும் இருக்கலாம், பின்னால "ஹேவ்" வந்தா "வுட்", நேரா மூனாவது ரூபம் வந்தா "ஹேட்". லிசனிங் பேப்பர்ல இது உதவும். எழுத்துல கொஞ்சம் கம்பீரமா வேணும்னா "இஃப்"ப தூக்கிட்டு "ஹேட்"ட முன்னால வைக்கலாம், "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்." கட்டுரைக்கு நல்லா இருக்கும், வாட்ஸ்அப்புக்கு வேணாம்.

வீட்டுல பாட்டி தாத்தா பேசுறத ஒரு சாயந்திரம் உக்காந்து கேளுங்க, பழைய கதை வந்தா "இருந்தா", "இருப்போம்"னு நிறைய வரும், அத அப்படியே தமிழ்ல குறிச்சுக்கிட்டு பக்கத்துல இங்கிலீஷ எழுதுங்க. தொடங்கி வைக்க மூனு தரேன், விடையப் பாக்காம எழுதிட்டு அப்புறம் கீழ பாருங்க. ஒன்னு, "அந்தக் காலத்துல பஸ் இருந்திருந்தா உங்க அத்தை படிவம் ஐந்து வரைக்கும் படிச்சிருப்பா." ரெண்டு, "கிராணி எழுதிக் குடுக்கலைன்னா எங்களுக்கு ஐ.சி. கெடைச்சிருக்காது." (கிராணின்னா தோட்டத்து கிளார்க், ஐ.சி.ன்னா அடையாள அட்டை.) மூனு, "அப்ப ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தா இப்ப சொந்த வீடு இருக்கும்."

விடை. ஒன்னு: "இஃப் தேர் ஹேட் பீன் எ பஸ் தென், யுவர் ஆன்ட்டி வுட் ஹேவ் ஸ்டடிட் அப் டு ஃபார்ம் ஃபைவ்." ரெண்டு: "இஃப் த கிளார்க் ஹேடின்ட் ரிட்டன் ஃபார் அஸ், வி வுடின்ட் ஹேவ் காட் அவர் ஐ.சி." மூனு: "இஃப் வி ஹேட் பாட் எ பீஸ் ஆஃப் லேண்ட் தென், வி வுட் ஹேவ் அவர் ஓன் ஹவுஸ் நவ்." மூனாவதுல வர்ற "ஹேவ்" சொந்தமா வச்சிருக்கிறதச் சொல்ற "ஹேவ்", பின்னால மூனாவது ரூபம் இல்ல பாருங்க, வீடுதான் இருக்கு.